தானாகக் கைக்கு வந்த இறால்

ஏரியில் இறால் பிடிக்கும்போது நான் கீழே பார்ப்பதே இல்லை. இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கைதான் தேடும். பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் இறால் முட்டியதும் அமுக்கிப் பறிக்குள் போட வேண்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் இறங்கிய வேலை இது.

என் மகள் ஏரியோடு நிற்கவில்லை. காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் முழுகிப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு குழுவில் சேர்ந்தாள். முதலில் படகில் சாமான் ஏற்றுகிற வேலை, பிறகு அவளே முழுகுகிற வேலை. இப்போது அதே வேலைக்கு அந்தமானில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். பொன்னேரி பஸ் கொஞ்சம் தாமதமானாலும் மனசுக்குள் ஒரு விபத்தே நடந்து முடிந்துவிடும்.

"தண்ணிக்குள்ள மூச்சு உடறது மனுசங்க செய்ற வேலையாடி?" என்றேன்.

"நீ ஒருவாட்டி வந்து பாரும்மா. பாத்துட்டு வேணாம்னு சொல்லு, நான் போவல. பாக்காமயே சொன்னா எப்பிடி?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். "உங்கம்மாவா? ஆட்டோல போறப்பவே கம்பிய உடமாட்டா. அவ எங்க கடலுக்குள்ள எறங்கறது!"

அந்தச் சிரிப்புக்காகவே வருகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு தூக்கம் போயிற்று.

மாசி மாதம், கடல் தெளிந்து கிடந்த ஒரு காலையில் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் போனோம். வேடிக்கை பார்க்கவென்றே வீட்டுக்காரரும் ஏறிக்கொண்டார். லைட்ஹவுஸ் தீக்குச்சி போலச் சிறுத்த இடத்தில் நங்கூரம் போட்டார்கள். கீழே பாறைத் திட்டு. அதை மீன்காரர்கள் 'பாரு' என்பார்கள். அதில் இரண்டு பக்கமும் திறந்த குகை ஒன்று இருந்தது. மகளுக்கு வேலை கற்றுக்கொடுத்த மாஸ்டரும் எங்களோடு இறங்குவதாக ஏற்பாடு.

மூச்சு விடுகிற ரப்பரை வாயில் கொடுத்ததும் பழக்கத்தில் பல்லை இறுக்கிவிட்டேன்.

"ம்மா, இன்னா கடி கடிக்கிற! பறி இல்லம்மா அது. மெதுவா புடி. பிச்சிடப் போற."

ரப்பரை எடுத்துவிட்டு, "பிச்சிக்குமா?" என்றேன்.

"பிச்சாலும் இன்னொன்னு இருக்கும்மா" என்று மாஸ்டர் காட்டினார்.

"இந்தப் பல்லுக்கு மூணா குடுத்திருக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "கீழ எதையும் தொடாத. ஓட்டைல கைய உடாத. மூச்ச அடக்காத. சரியா?" தலையாட்டினேன்.

இறங்கியதும் கேட்டது என் மூச்சின் சத்தம்தான். இழுத்தால் ஒரு சீறல், விட்டால் குடுகுடுவென்று குமிழிகள். காது வலித்தபோது மகள் சொல்லித்தந்தபடி மூக்கைப் பிடித்து ஊதினேன். கண்ணைத் திறந்தபோது சேறு இல்லை. தண்ணீர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நீல வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து தண்ணீரில் கிடந்தவள், தண்ணீருக்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குகை வாசல் கறுப்பாக இருந்தது. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். மகள் இழுக்கவில்லை. என் காற்று அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள், தன் முள்ளைப் பார்த்தாள், பக்கத்திலேயே காத்திருந்தாள். என் மூச்சு அடங்கியதும் விரலை நீட்டினாள். பிடித்துக்கொண்டு போனேன். மாஸ்டர் பின்னால் வந்தார்.

வாசலை மறைத்துக் கண்ணாடிச் சில்லு போலக் குஞ்சு மீன்கள் நின்றன. நாங்கள் நெருங்க நெருங்க, யாரோ திரையை விலக்குவது போல இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. மகள் டார்ச் அடித்தாள். கறுப்பாக இருந்த கூரை முழுக்க ஆரஞ்சுப் பூ! அவை பூவல்ல, உயிர் என்று மேலே வந்த பிறகுதான் அவள் சொன்னாள். நாங்கள் விட்ட மூச்சு கூரையில் ஒட்டிக்கொண்டு பாதரசம் போல உருண்டது. இடுக்கிலிருந்து சிங்கி இறால்கள் நீள மீசையை ஆட்டின.

ஓரமாக ஒரு பெரிய களவா மீன் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நின்றது. வெள்ளை மீசை வைத்த சின்ன இறால் ஒன்று அதன் உதட்டில் ஏறி வாய்க்குள்ளேயே நடந்து போனது. முடிந்தது அதன் கதை என்று நினைத்தேன். உள்ளே எதையோ கொத்தி எடுத்துத் தின்றுவிட்டு, அது நிதானமாக வெளியே வந்தது. களவா வாயை மூடவில்லை.

அடுத்த இடுக்கில் இன்னும் சில இறால்கள். என் கை என்னைக் கேட்கவில்லை. தானாக உள்ளே போனது. மகள் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினாள். டார்ச் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டினாள்: விரலுக்கு ஒரு சாண் தள்ளி, உடம்பெல்லாம் முள்ளை விசிறி போல விரித்துக்கொண்டு ஒரு வரி மீன். குத்தியிருந்தால் விஷம்.

நான் கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டேன். அவள் வேறொரு பக்கம் கூட்டிப்போய், தன் கையை விரித்து இறால்களுக்கு எதிரே நீட்டிக் காட்டினாள். நானும் நீட்டினேன். துழாவாமல், அமுக்காமல், சும்மா.

ஒன்று வந்தது. மீசையால் என் விரலைத் தட்டிப் பார்த்தது. ஏறி நின்று, இறால் கொம்பு குத்திக் குத்தி வெடித்துப்போன என் நகக்கண்ணைச் சின்னக் கொடுக்கால் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. எத்தனை ஆயிரம் இறால் இந்தக் கைக்குள் துள்ளியிருக்கும். நம்பி வந்து உட்கார்ந்தவை இவைதான். கும்பிடக்கூடக் கையை எடுக்க மனசில்லை. கண்ணாடிக்குள் அழுதேன்.

நிமிர்ந்தால், மகள் இறாலைப் பார்க்கவில்லை. மறுபடி என் காற்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முள், பிறகு குகையின் வெளிவாசல், மறுபடி என் முகம். அந்தக் கண் எனக்குத் தெரியும். கேஸை மூடினோமா என்று திரும்பி வருகிற கண்.

படகில் ஏறியதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே, ஊமையாயிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

மகள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நீ எதுக்குடி அந்த முள்ளையே பாத்துனு இருந்த?"

"பயம்தான்."

"இன்னுமா பயம்?"

"தெனமும்தாம்மா."

மாஸ்டர் சிரித்தார். "எறங்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் திருவித் திருவிப் பாத்து எங்க உயிர வாங்குவா. அதுக்குத்தான் அந்தமான்ல இவளையே கேக்கறாங்க."

கடலைப் பார்த்தேன். மேலே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் அலை.

"அந்தமானுக்கு எப்ப போவணும்?" என்றேன்.

மகள் கையிலிருந்து கயிறு நழுவியது.

"அங்க போய் எறங்கினதும் போன் பண்ணணும். முழுகறதுக்கு முன்னாடி பண்ணணும். மேல வந்ததும் பண்ணணும்."

"முழுகறப்போ?" என்றார் அவள் அப்பா.

அதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.