ஞாயிற்றுக்கிழமைப் புத்தகங்கள்

சகாயராணி கல்யாணத்துக்கு முன்பு தருமபுரியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் நின்றவள். வருகிறவர்கள் வாயால் என்ன கேட்டாலும் அவள் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள். "பச்சை காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே விரல் அரக்குச் சிவப்பின் முந்தானையைத் தடவிக்கொண்டிருக்கும். அவள் மரியாதைக்கு நாலு பச்சையைப் பிரித்துப் போட்டுவிட்டு, சிவப்பை மடித்து பில்லுக்கு அனுப்புவாள். அநேகமாகத் தப்பாது. ஊரார் மனதை எல்லாம் விரலில் படித்தவளுக்குச் சொந்த மகள் மனது மட்டும் பிடிபடாமல் போனதுதான் வேடிக்கை.

மகள் பிளசிக்கு எட்டு வயது. பொம்மிடிக்குப் பக்கத்தில், மாதா கோவிலைச் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர் அவர்களுடையது. அப்பா ஆண்டனி, குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லாரியில் தக்காளியும் தேங்காயும் ஏற்றிப் போகிறவர். பிளசியும் மற்றப் பிள்ளைகளைப் போல வேனில் ஏறி ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அங்கே ஒவ்வொருவராக எழுந்து சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு நாள் அவள் ஒரு சொல்லில் தடுக்கினாள், பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே இன்னும் நாலு சொல்லில் தடுக்கினாள். முடிக்கிற வரைக்கும் நில் என்று டீச்சர் நிற்க வைத்தார். அதன் பிறகு காலையில் வேன் ஹாரன் கேட்டாலே குழந்தை தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தது. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். வயிற்றில் இல்லை என்பது சகாயராணிக்கு முன்பே தெரியும். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அவள் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

"வூட்லயே நான் சொல்லிக் குடுக்கறங்க" என்றாள் கணவனிடம்.

"சரி, ஜூன் வரைக்கும் பாரு ராணி. அதுக்குள்ள புள்ள தானா ஒரு பக்கம் படிச்சிட்டான்னா வூட்லயே இருக்கட்டும். இல்லன்னா வேற பள்ளிக்கோடம் பாத்து சேத்துர்லாம். இதுக்கு மேல என்னால ஊருக்குப் பதில் சொல்ல முடியாது."

நியாயமான பேச்சுதான். நியாயமாக இருந்ததால்தான் அவள் அன்றைக்கே காலண்டரில் ஜூனைப் புரட்டிப் பார்த்தாள்.

வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் சேர்ந்தாள். பெங்களூருவிலும் கோவையிலும் இருந்த அம்மாக்கள் விடிந்தால் ஆளுக்கொரு முறையைச் சொன்னார்கள். பாடப்புத்தகமே கூடாது என்றார் ஒருவர். பாடப்புத்தகம் இல்லாவிட்டால் குழந்தை கெட்டது என்றார் இன்னொருவர். சகாயராணி இருவரையும் நம்பினாள். எண்ணிக்கை பழக மணிச்சரம் வந்தது. உலக நாடுகள் வரைந்த பலகை விளையாட்டு வந்தது. அரசுப் பள்ளித் தமிழ்ப் புத்தகம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ஆங்கில எழுத்துகளுக்குப் படம் போட்ட அட்டைகள் ஒரு பெரிய பெட்டியில் வந்தன; அதில் பனிக்கட்டியால் கட்டிய வீடு ஒன்று இருந்தது. ஆண்டனி அந்த அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "மே மாசம் நம்ம ஊர்ல இதுல குடியிருந்தா எப்பிடி இருக்கும்" என்று ஏக்கத்தோடு வைத்துவிட்டுப் போனார்.

தருமபுரிப் புத்தகத் திருவிழாவில் அவள் வாங்கியவை மெல்லிய தமிழ்க் கதைப் புத்தகங்கள். பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டே வரி. கிணற்றுக்குள் விழுந்த ஆடு, ரயிலில் தனியாகப் போன குடை, இப்படிக் கதைகள். மற்றதெல்லாம் குழுவில் கேட்டு வாங்கியது. இவற்றை மட்டும் அவளே நின்று புரட்டிப் பார்த்துப் பொறுக்கினாள். இவற்றின் மேல்தான் அவளுக்கு நம்பிக்கை.

தினமும் சாப்பிட்ட பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒன்றைப் பிரிப்பாள். இரண்டு வரி தானே வாசிப்பாள். பிறகு விரல் எழுத்துக்கு அடியில் போய் நிற்கும். "இது என்ன எழுத்து, சொல்லு சாமி." அவ்வளவுதான். பிளசியின் முகம் சாத்திய கடை போல ஆகிவிடும். ஆடு கிணற்றிலேயே கிடக்கும். ஒரு கதையும் அந்த வீட்டில் கடைசிப் பக்கம் வரை போனதில்லை. சகாயராணி விடவில்லை. அவள் கெட்டவள் இல்லை, அவசரக்காரி. கண்ணுக்கு முன்னால் ஜூன் நின்றால் யார்தான் நிதானமாக இருப்பார்கள்?

இதற்கு நடுவில் தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் வீட்டில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். ஒறுத்தல் என்பார்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து திரும்பியதும் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"எது ரொம்பப் புடிக்குமோ அதத்தான் விடணும்" என்று சகாயராணி மகளுக்கு விளக்கினாள். "புடிக்காதத விட்டா அது ஒறுத்தலே இல்ல."

ஆண்டனி டீயை விட்டார். லாரி ஓட்டுகிறவர் டீயை விட்டால் ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க முடியாது என்பது வேறு விஷயம். சகாயராணி போனில் சாமான் வாங்குவதை விட்டாள். ஆண்டனி உடனே கையெடுத்துக் கும்பிட்டார்.

பிளசி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் கதப் பொஸ்தகம் வுட்டுடறேன்."

சகாயராணிக்குச் சுரீர் என்றது. மிட்டாயை விடுவாள், கார்ட்டூனை விடுவாள் என்று பார்த்தால், கடவுள் பெயரைச் சொல்லிப் பாடத்துக்கு லீவு போட்டுவிட்டாளே. ஒரு நிமிடத்துக்கு முன் தான் சொன்ன விளக்கம் அவளுக்கே மறந்து போனது. மனதில் நின்றதெல்லாம் அந்தச் சாத்திய முகம்தான்.

ஆண்டனி முதலில் சிரித்தார். "பொழைக்கத் தெரிஞ்ச புள்ள." பிறகு பிளசி வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு ஒட்டல ராணி. நீயும் எத்தனையோ பண்ணிப் பாத்துட்ட. ஜூன்ல சேத்துர்லாம், உட்டுரு."

மறுநாளே சகாயராணி கதைப் புத்தகங்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். பிளசி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேப் ஒட்டணுமாம்மா?"

"ஆமா" என்று வெடுக்கென்று சொல்லி, இரண்டு சுற்றாக ஒட்டி, அலமாரிக்கு மேலே ஏற்றினாள். பக்கத்துத் தோட்டத்து மணிமேகலையிடம் அன்றைக்கே சொல்லியும் வைத்தாள். மணிமேகலைக்கு முதல் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள். "ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கம்மா. எங்க வூட்ல சும்மாதான் கெடக்குது." சொல்லிவிட்டு வந்து அரிசி களைந்தாள். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பிளசியைக் காணோம். பார்த்தால் கோவில் வாசலில் ஃபாதரிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அந்நியரிடம் வாயே திறக்காத பிள்ளை. அவர் குனிந்து கேட்டு, சிரித்து, தலையை ஆட்டினார். பிளசி அங்கிருந்து ஓட ஆரம்பித்தவள், அம்மாவுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தாள்.

சகாயராணி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே டேப் கிழிகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நாற்காலி அலமாரியை ஒட்டிக் கிடந்தது. பெட்டி தரையில் இருந்தது. பிளசி வெங்காய மூட்டையில் சாய்ந்துகொண்டு, பூசைக்குப் போட்ட கவுனோடு, கிணற்று ஆட்டின் கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். சத்தமாக. ஒரு சொல்லில் தடுக்கினாள். தானே திரும்பப் போய், அந்தச் சொல்லை உடைத்து, கூட்டி, மேலே நடந்தாள். பக்கம் புரண்டது. ஆடு கிணற்றை விட்டு வெளியே வந்தது.

சகாயராணி கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். பெட்டியில் மேலாகக் கிடந்த புத்தகங்களின் ஓரத்தில், கோபத்தில் அடுக்கியபோது அவள் கவனிக்காத, மிளகாய்த்தூள் சிவப்பில் சின்னச் சின்ன விரல் தடங்கள் இருந்தன. அவள் ரேஷன் கடைக்கும் தண்ணீருக்கும் போன நேரங்களில், ஒரு கையில் மாங்காய்த் துண்டும் ஒரு கையில் கதையுமாக இந்தப் பெண் இருந்திருக்கிறாள். பிளசி கையில் விரிந்திருந்த கடைசிப் பக்கத்திலும் தடம் இருந்தது. கடையில் யார் யார் கையையோ பார்த்தவள், வீட்டில் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"பிளசி" என்றாள்.

குழந்தை பயந்துபோய்ப் புத்தகத்தை மூடியது. "ஞாயித்துக்கெழம நாப்பதுல சேராதாம்மா. ஃபாதரே சொன்னாரு. நாங் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"ஏஞ் சாமி இத வுட்ட?"

"நீதான சொன்ன. ரொம்பப் புடிச்சத வுடணும்னு."

வாசலில் மணிமேகலையின் குரல் கேட்டது. "அக்கா, பொஸ்தகம் எடுத்து வெச்சிட்டீங்களா?" பிளசி பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை சகாயராணி கையைப் பார்த்தாள். உள்ளே போய், பனிக்கட்டி வீட்டு அட்டை இருக்கும் அந்தப் பெரிய ஆங்கில எழுத்துப் பெட்டியை எடுத்து வந்து மணிமேகலை கையில் கொடுத்தாள்.

"இது புதுசாட்டமே இருக்குதுங்களே" என்றாள் மணிமேகலை.

"புதுசுதான். எடுத்துட்டுப் போம்மா."

ஆண்டனி எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. உள்ளே ரயிலில் குடை போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் பிளசி ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தாள். அவர் திருத்துவதற்கு வாயைத் திறந்தார். சகாயராணி அவர் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். அவளுக்கும் விரல் துறுதுறுத்தது. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறவர்களைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குடை போய்ச் சேர்ந்தது.

"ஜூன்..." என்று ஆரம்பித்தார் ஆண்டனி. பிறகு, "அடுத்த ஜூன் பாத்துக்கலாம்" என்றார்.

பொழுது சாய்ந்ததும் பிளசி புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெட்டியை மூடி, அடுத்த ஞாயிறு வரைக்கும் அலமாரிமேல் வைக்க அப்பாவிடம் சொன்னாள். இன்னும் ஒன்று படி, நாளைக்கும் படி என்று சொல்லச் சகாயராணிக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெட்டிக்கு அடியில் போகவர நடந்தாள். தவக்காலம் இவ்வளவு நீளம் என்பது அவளுக்கு அந்த வருடம்தான் தெரிந்தது.