நாடா உரசின புண்

துர்காதேவிக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. திருவிடந்தைக் கோயில் வாசலில் பூ விற்கிறாள். பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்ப்பாள். மீன் வாங்கப் போனால் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பாள். ஆனால் அவளுடைய முழுச் சந்தேகமும் தங்கை பூங்கொடியின் புருஷன் கலையரசன் மேல்தான். லோடு வண்டி ஓட்டுகிறவன், வாயில் எப்போதும் பீடி, பேச்சு மட்டும் கிடையாது.

"பேசாதவன் மனசுல இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள்.

பூங்கொடிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கேளம்பாக்கம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் சுஷ்மிதா சின்னப் பெண். காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, பூங்கொடியின் காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் என்று தேட ஆரம்பித்தாள். துர்காதேவி போலீஸ்காரி மாதிரி பக்கத்திலேயே நின்றாள்.

"காய்ச்சலுக்கு வந்தவ கிட்ட அங்கல்லாம் இன்னாம்மா தேடிகினு கீற?"

"இங்க நெறி கட்டியிருக்கு. அப்ப பக்கத்துல எங்கேயோ புண் இருக்கணும். பாவாடையைக் கொஞ்சம் தளர்த்துங்கம்மா."

பூங்கொடி நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல டாக்டர். நாடா உரசின புண்ணு."

புடவை கட்டுகிற எந்தப் பெண்ணுக்குத்தான் இடுப்பில் நாடாத் தழும்பு இல்லை? வேறு டாக்டராக இருந்தால் விட்டிருப்பார்.

"நாடா உரசினா எரியும். இது எரியுதா?"

பூங்கொடி இல்லையென்று தலையாட்டினாள். மெல்லக் கையை எடுத்தாள். வலது இடுப்பில் வட்டமாக ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பீடியை அணைத்த மாதிரியே இருந்தது.

துர்காதேவி வெளியே பாய்ந்து, அங்கே காத்திருந்த கலையரசனின் சட்டையைப் பிடித்தாள்.

"அடப்பாவி! பீடியால சுட்டியா என் தங்கச்சிய? நீ உருப்படுவியாடா?"

சட்டைப் பித்தான் ஒன்று அறுந்து தெறித்தது. டாக்டர் ஓடி வந்தாள்.

"அவரை விடுங்க! தீப்புண்ணுன்னா வலிக்கும். இது வலிக்கல, நெறி வேற கட்டியிருக்கு, ஒரு வாரமா காய்ச்சல். இது பூச்சிக்கடி, காய்ச்சலும் அதனாலதான். உங்க தங்கச்சி புதர்ப் பக்கம் போவாங்களா?"

"ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவும், சவுக்குத் தோப்பாண்ட" என்றான் கலையரசன்.

"அங்க கண்ணுக்கே தெரியாத பூச்சி இருக்கும். துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாப் பார்த்துக் கடிக்கும். இதுக்குத் தனிப் பரிசோதனை இருக்கு, அனுப்புறேன். ஆனா முடிவு வர்ற வரைக்கும் காத்திருந்தா உயிருக்கே ஆபத்து. மருந்தை இப்பவே ஆரம்பிக்கிறேன்."

"மருந்து கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்தானா?" என்று துர்காதேவி முணுமுணுத்தாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பூங்கொடி தானே கஞ்சி கேட்டாள். ஊட்டும்போது துர்காதேவிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"புண்ணு கீதுன்னு மொதல்லயே சொன்னா இன்னாடி? செத்துப் போயிருப்பியேடி!"

பூங்கொடி கஞ்சிக் கரண்டியை விலக்கினாள்.

"சொன்னா நீ யார் சட்டையப் புடிப்பேன்னு எனக்குத் தெரியாதாக்கா?"

துர்காதேவி கதவுப் பக்கம் திரும்பினாள். கதவுக்கு வெளியே, பித்தான் அறுந்த அதே சட்டையோடு, கலையரசன் மாத்திரைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.