ஒச்சம்மாள் கொடுத்த சாம்பிள்

ஓவர்லாக் மிஷினில் உட்காரும் முன் ஒச்சம்மாள் பாட்டிலைத் திறப்பாள். மூடியில் தண்ணீரைச் சரித்து, நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றுவாள். மண்ணரைப் பனியன் கம்பெனியில் ஒருத்தி எழுந்து போனால் அடுத்தவள் முன்னால் பீஸ் வராது, சூப்பர்வைசர் கத்துவான். உசிலம்பட்டியிலிருந்து வந்த நாள் முதல், சாப்பாட்டு மணி வரை அடக்கிப் பழகிய உடம்பு.

அந்த உடம்பைத்தான் கோவை ஆஸ்பத்திரியில் மூத்திரம் கொடுக்கச் சொன்னார்கள். ஓயாத இருமலுக்கு ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் ஒரு புள்ளி. நல்லதா, கெட்டதா? சதை எடுத்துப் பார்க்கத் தேதி குறித்தாயிற்று. அதற்கு முன்னால் புது ஆராய்ச்சி ஒன்றுக்கும் சம்மதித்திருந்தாள். நர்ஸ் அனுப்பிரியா மாஸ்க் மாட்டி மருந்துப் புகையை இழுக்க வைத்தாள்.

“கண்ணுக்கே தெரியாத துகளுங்கக்கா. ஒவ்வொண்ணுலயும் நூல் நுனியாட்டம் ஒண்ணு தொங்கும். கேன்சரா இருந்தா, அதுல ஊறுற நொதி அந்த நுனியை வெட்டி உட்டுரும். வெட்டுனது மூத்திரத்துல வரும். இந்தப் பட்டையில ரெண்டாவது கோடு உழும். ஒத்தக் கோடுன்னா பயமில்லீங்க.”

“நெஞ்சுக்குள்ள நூல் வெட்டுற டிரிம்மிங் செக்‌ஷனே நடத்துறீகளா தாயி!”

மகள் ஜோதிகா தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். வரவில்லை. ஒச்சம்மாள் நடந்தாள், உட்கார்ந்தாள், குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்டாள். கடைசியில் வந்தது குப்பியின் குறிக்குப் பாதி. கம்பெனியில் எண்ணிக்கை குறைந்த கட்டு கதவைத் தாண்டாது. குழாயடியில் குறி வரை நிரப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் கூடினால் சாயம் வெளுக்குமே. ஒற்றைக் கோடு விழுந்தால் மறுநாளே மிஷினுக்குப் போகலாம். ஆனால் அது அவள் கோடா, குழாய்த் தண்ணீரின் கோடா?

“ஏம்மா, எறும்பு கடிச்ச மாதிரி நெளியுற?”

ஒச்சம்மாள் எழுந்து அனுப்பிரியாவிடம் போனாள். “பாதிதான் தாயி என்னுது. மிச்சம் குழாத்தண்ணி.”

“அட ஏனுங்கக்கா!” அனுப்பிரியா தலையில் கைவைத்தாள். “நல்லவேளை, பட்டையை இன்னும் முக்கலீங்க. கொஞ்சமா வந்தாலும் கலக்காமக் குடுங்க.”

இரண்டாவது குப்பியை ஜோதிகாதான் உள்ளே கொண்டுபோனாள். அவள் திரும்பி வர நேரமாயிற்று.

“என்னடி சொன்னாக?”

“ஆராய்ச்சியாம், இன்னிக்குச் சொல்ல மாட்டாகளாம். வா, பஸ்ஸு போயிரும்.”

பஸ்ஸில் ஜோதிகாவின் வாய் ஓயவில்லை. கண்டக்டரோடு சண்டை போட்டாள்; முறுக்கு வாங்கி அம்மா கையில் திணித்தாள்.

சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர்தான். சின்னதாக இருந்ததால் வெட்டி எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்த அன்றுதான் ஒச்சம்மாளுக்குத் தெரிந்தது: குப்பியைக் கொடுத்துவிட்டு ஜோதிகா அங்கேயே நின்றிருக்கிறாள், பட்டை நனைந்து இரண்டாவது கோடு சிவந்து எழுவதைப் பார்த்திருக்கிறாள்.