மாமாவோடு சேர்ந்து நின்றவர்

அன்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாத கேள்வி இது. அம்மாவிடமே கேட்டிருக்கலாம். நான் இருப்பது சரவணம்பட்டி, அம்மா இருப்பது பக்கத்திலேயே துடியலூர். ஞாயிற்றுக்கிழமை போனால் கேள்வி வாய்வரை வரும். பிறகு குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இங்கே இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்கு என்று கனடா போனவர், அந்த வேலையை விட்டுவிட்டு அங்கேயே நாவலாசிரியராகிவிட்டார். எல்லாம் ஆங்கில நாவல்கள். எங்கள் வீட்டு ஷோகேஸில், யாரும் டீ குடிக்காத பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில், யாரும் படிக்காத அவருடைய புத்தகங்கள் இருந்தன. "கதை எழுதறதுக்கு எதுக்குங்க கனடா? இங்கயே உக்காந்து எழுதலாமல்லங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

என் தம்பியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே, அதற்காக மாமா வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கூடவே ஒரு நண்பரையும் அழைத்து வந்திருந்தார். நெட்டையான ஆள், செம்பட்டைத் தாடி. கனடாவில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரர். எங்கள் பேச்சில் அவருக்குப் பிடிபட்டது 'ங்க' மட்டும்தான். அதை எல்லாவற்றிலும் ஒட்டிவிடுவார். "தேங்க்யூங்க." "சாரிங்க." தெருநாய்க்குக்கூட "ஹலோங்க" சொன்னார். நான் அவரை 'ஃப்ரெண்டு மாமா' என்று கூப்பிட்டேன்.

ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, குலதெய்வக் கோயில் மைதானத்தில் எதையும் ஓர் இடத்தில் இருக்கவிடவில்லை. புடவைகள், வாழையிலைகள், பெரியவர்களின் பேச்சு, எல்லாம் பறந்து பறந்து வந்தன. இப்போது நினைத்தால் அந்த நாள் முழுவதும் தரையிலிருந்து சற்று மேலே மிதந்துகொண்டிருந்ததுபோல் தோன்றுகிறது. தம்பி மாமாவின் மடியில் அலறினான். ஃப்ரெண்டு மாமா குனிந்து தன் தாடியை அவன் கையில் கொடுத்தார். அவன் அதைப் பிடித்துக்கொண்டே காது குத்திக்கொண்டான்.

சீர் கொண்டு வந்த மாமனுக்கு வேட்டி துண்டும், அவர் மனைவிக்குச் சேலையும் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாமாவுக்குத்தான் கல்யாணம் ஆகவில்லையே. ஆனாலும் அப்பாவின் அக்கா, என் அத்தை, தட்டில் ஒரு சேலையை வைத்திருந்தார்.

"வேட்டி உங்களுக்குங்க தம்பி. சேலை வரப்போறவளுக்கு. அடுத்த வாட்டி சேலை கட்டறதுக்கு ஆளோட வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "ஆளோடதானுங்களே வந்திருக்கேன்" என்று சொல்லி, சேலையை எடுத்து ஃப்ரெண்டு மாமாவின் கையில் கொடுத்தார்.

சிரிப்பு இன்னும் பெரிதானது. "வெள்ளக்காரனுக்குப் பச்சைக் கலர் எடுப்பா இருக்குதுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். காற்று சேலையைப் பிரித்துவிட்டது. அவர் அதைத் தரையில் விடாமல் இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "தேங்க்யூங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அம்மா எழுந்து வந்தார். நாலு பேர் எதிரில் அப்பாவைக் கேட்காமல் அம்மா எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அன்று, அப்பாவின் பங்காளிகளுக்கு என்று வைத்திருந்த துணிக்கட்டிலிருந்து, மாமாவுக்கு வைத்ததைப் போலவே பட்டுக்கரை போட்ட ஒரு வேட்டியை எடுத்தார். சேலையை வாங்கி மடித்து அத்தையிடம் கொடுத்தார்.

"சேலைய அவரு கட்டிட்டு எப்படிங்க நடப்பாரு?" என்றார். பிறகு வேட்டியைத் தட்டில் வைத்து மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் சேந்து நின்னு வாங்கிக்குங்க."

சேர்ந்து நின்று வாங்கிக்கொள்ளச் சொல்வது புருஷன் பெண்டாட்டியிடம் மட்டும்தான். எட்டு வயதில் அது எனக்குத் தெரியாது. சிரிப்பு ஏன் நின்றது, வீடு வரும்வரை காரில் அப்பா ஏன் பேசவில்லை என்பதும் புரியவில்லை. வேட்டியை வாங்கியபோது மாமாவின் கண்ணில் நீர் வழிந்தது. "தூசிங்களா மாமா?" என்று கேட்டு, ஓடிப்போய் ஊதிவிட்டேன். "இன்னும் போகலியே கண்ணு" என்று அவர் குனிந்துகொண்டே இருந்தார். நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஷோகேஸைத் திறந்து அந்த நாவல்கள் அத்தனையும் படித்தேன். ஆணும் ஆணும் சேர்ந்து வாழும் வீடுகள், பனி, அந்தப் பனிக்கு நடுவில் நம்மூர் மில் சங்கு. எல்லாம் இருந்தன. அந்த ஒரு நாள் மட்டும் எதிலும் இல்லை. போனில் கேட்டேன். "அது உங்கம்மாளோடது கண்ணு. அவ வாயத் திறக்காம நான் எப்படி எழுதிப்போடறது?" என்றார் மாமா.

இப்போது என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். மாமாவும் ஃப்ரெண்டு மாமாவும் வருகிறார்கள். கனடா சட்டப்படி அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. போன வாரம் வீடியோ காலில் பேசி முடித்ததும் மகள் கேட்டாள், "கனடா தாத்தாவுக்கு அவரு யாரும்மா?"

"ஃப்ரெண்டு" என்றேன்.

"என் ஃப்ரெண்டெல்லாம் சாயங்காலமானா அவங்க வீட்டுக்குப் போயிடறாங்களே?"

இட்லி மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இவள் ஐந்து வயதுக்காரி, எதையும் கோயில் மைக்கைவிடச் சத்தமாகச் சொல்வாள். மாமியார் வீட்டார் இருப்பார்கள். அம்மாவும் இருப்பார். இத்தனை வருடம் அம்மா தன் வாயால் சொல்லாததை, ஒரு குழந்தை வாயால் எல்லோர் முன்னும் சொல்லவைப்பது சரியா? சொல்லாமல் விட்டால், அந்த இருவரையும் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தில் நாளை இவளும் நிற்பாளா? முதலில் அம்மாவிடம் பேச வேண்டுமா, மகளிடமா? உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, குழந்தைக்கு நீங்கள் சொல்லியிருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.