மூன்று பிரதிகள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவரைக் கிடங்குக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கிடங்கு என்றால் மூட்டை முடிச்சு ஒன்றும் கிடையாது. விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் அளந்து சேர்த்த தகவல்களைக் கம்ப்யூட்டர்களில் பத்திரமாக வைத்திருப்பது அவர் வேலை. மெஷின் அறையில் குளிர் ஆளை அடிக்கும். கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரும் கையுமாகக் கிளம்புகிற மாப்பிள்ளையைப் பார்த்து, அவர் ஐஸ் கம்பெனியில் இருக்கிறார் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அவரும் திருத்தவில்லை. திருத்தினால் விளக்க வேண்டும். விளக்கினால் அந்த அம்மாள் தூங்கிவிடுவார்.

முன்ஜாக்கிரதையில் அவரை மிஞ்ச ஆளில்லை. வீட்டுச் சாவிக்கே மூன்று நகல் செய்து வைத்தவர். "உங்களையும் மூணு காப்பி எடுத்து வெச்சிருந்தா ஒண்ணாவது கடைக்குப் போயிட்டு வந்திருக்கும்" என்பாள் மனைவி.

வேலையிலும் அதே மூன்றுதான். எந்தத் தகவலும் மூன்று ஊர்களில் மூன்று பிரதிகளாக இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பொதுப் பட்டியல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அது புதுப்பிக்கப்படும். ஓர் ஊரில் இடம் போதவில்லை என்றால், மற்ற இரண்டு ஊர்களிலும் பிரதி இருப்பதைப் பட்டியலில் பார்த்துக்கொண்டு தன்னுடையதை அழித்துக்கொள்ளலாம். விதியை எழுதிய புண்ணியவான்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். மூன்று ஊர்க்காரர்களுக்கும் ஒரே வாரத்தில் இடம் போதாமல் போகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு இடம் நெருக்கியது. நெடுநாளாக யாரும் தொடாத பெரிய தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் இதயத் துடிப்பு. குழந்தை மருத்துவரான ஓர் அம்மாள் ஒன்பது வருடம் உட்கார்ந்து பதிவு செய்தது. துடிப்பு நிற்பதற்கு முன்பே எச்சரிக்கும் கருவி ஒன்றை அதிலிருந்து செய்ய வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. பட்டியல் மூன்று பிரதி என்றது. ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு அழித்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் இரண்டாம் ஊர்க்காரரின் போன் வந்தது. "அண்ணே, அந்தக் குழந்தைங்க தொகுப்பு உங்ககிட்ட இருக்குல்ல? பட்டியல்ல பூஜ்யம்னு காட்டுது."

"உங்ககிட்ட இருக்குன்னுதானே நான் அழிச்சேன்!"

"நான் புதன்கிழமையே அழிச்சிட்டேண்ணே."

மூன்றாம் ஊரில் வெள்ளிக்கிழமை அழித்திருந்தார்கள். ஞாயிறு வரை பட்டியல் மூன்று பிரதி என்றேதான் காட்டியது; ஒருவரும் விதியை மீறவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். காலியான இடங்களில் அதற்குள் புதுத் தகவல்கள் வந்து நிரம்பிவிட்டன. மூன்று நாள் மூன்று பேரும் தலைகீழாக நின்று பார்த்தும் உருப்படியாக ஒன்றும் மீளவில்லை.

நான்காம் நாள் அவரே மருத்துவரின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"மறுபடி பதிவு பண்ண முடியாதா டாக்டர்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது.

"அந்தக் குழந்தைங்க எல்லாம் இப்ப ஸ்கூலுக்குப் போகுதுங்க சார்." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சிலது உயிரோடவே இல்ல. அதுங்க பதிவுதான் எனக்கு முக்கியமா வேணும்."

கிடங்குக்காரர் அலமாரியைப் பார்த்தார். "உங்ககிட்ட பழைய டிஸ்க் ஏதாவது..."

மருத்துவர் எழுந்து அலமாரியைத் திறந்து காட்டினார். தட்டுகள் காலி.

"போன வருஷம் நீங்கதானே சார் சொன்னீங்க? மூணு ஊர்ல இருக்கு, இதை எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு. டிஸ்க் எல்லாத்தையும் அழிச்சு மாணவர்களுக்குக் குடுத்துட்டேன்."

அந்த அம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"அடுத்த மாசம் வேலையை ஆரம்பிக்கணும். இப்ப நான் என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.