எட்டு மாடிக்கு எட்டு இடம்

எங்கள் லிஃப்ட் தொழிற்சாலையில் அவருக்குச் 'சிக்கனம்' என்று பெயர். லிஃப்டை ஓட்டும் நிரலைப் பதினோர் ஆண்டுகளாக அவர்தான் எழுதிவந்தார். சிப்பில் இருப்பது 32,768 பைட் இடம். அவருடைய கோப்பு 30,912-ஐத் தாண்டியதில்லை. அளவுப் பதிவேடு என் பொறுப்பு. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல் தினமும் வந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்.

அவர் மனைவியின் தம்பி அதே பிரிவில் சேர்ந்து, இரண்டே ஆண்டில் தலைவனானான். சிக்கனத்துக்குச் சோறு இறங்கவில்லை. மச்சினனின் நாற்காலிக்குக் கை இருக்கிறது, தன்னுடையதற்கு இல்லை என்று என்னிடம் நான்கு முறை சொன்னார்.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, மச்சினன் புதிய கம்பைலரை நிறுவினான். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கோப்பாக மாற்றுவது அதுதான். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கோப்பு மட்டும் 32,640 ஆனது.

"பாத்தீங்களா? நான் வயித்தைக் கட்டி வளத்தத ஒரே நாள்ல ஊத வச்சிட்டான்!" என்றார் சிக்கனம்.

"ஊதல அத்தான். நிரல்ல அடிக்கடி கூப்பிடற சின்னத் துண்டுகள வேகத்துக்காக அங்கங்கயே நகல் எடுத்து வைக்குது. மாடி எண் பட்டியலுக்குப் பக்கத்துல காவல் போடுது. எல்லை தாண்டி எழுதினா நிறுத்திடும்."

"திருடனே இல்லாத வீட்டுக்கு வாசலுக்கு வாசல் காவக்காரனா? உங்கக்காவும் இப்படித்தான் மாப்ள, ஒரு பூட்டு போதாது அவளுக்கு."

பழைய கம்பைலரே வேண்டும் என்று மேலாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனைக் கோபுரத்தில் பார்த்து முடிவு சொல்வதாக மேலாளர் சொன்னார்.

வெள்ளி, காலை 10:20. ஒத்திகை ஓட்டம். ஏழாவது மாடிவரை லிஃப்ட் ஒழுங்காகப் போனது. எட்டாம் எண்ணை அழுத்தியதும் நின்றுவிட்டது.

சிக்கனத்தின் முகம் மலர்ந்தது. "தொப்பை வச்சவன் மாடி ஏறுவானா?"

மச்சினன் திரையை அவர் பக்கம் திருப்பினான். காவல்தான் நிறுத்தியிருந்தது. எட்டு மாடிக்குப் பட்டியலில் எட்டு இடம் ஒதுக்கிய சிக்கனம், தரைத்தளத்தை எண்ண மறந்திருந்தார். ஒன்பதாவது எண் இத்தனை ஆண்டும் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் விழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"நானே ஒரு இடம் கூட்டிடறேன் அத்தான். மேலாளர்கிட்ட சொல்ல வேணாம்," என்றான் மச்சினன், மெதுவாக.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"உன் தயவு எனக்கு வேணாம்," என்று தாமே உட்கார்ந்து திருத்தினார். லிஃப்ட் எட்டாவது மாடிக்குப் போனது. கோப்பின் அளவு: 32,640. ஒரு பைட்டும் கூடவில்லை; அந்தப் பட்டியல் கோப்பில் இல்லை, லிஃப்ட் ஓடும்போது நினைவகத்தில் இடம் பிடிப்பது. மேலாளரிடம் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

பதிவேட்டில் திருத்தத்தின் காரணம் எழுதும் கட்டத்தில் என் பேனா நின்றது.

"தப்பு என்னுதுன்னே எழுதுங்க," என்றார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "ஆனா புடிச்சது கம்பைலருன்னு எழுதுங்க. இவன்னு எழுதிடாதீங்க."

அப்படியே எழுதியிருக்கிறேன்.