பாட்டு முடிந்தால்தான் விழுங்குவார்

எந்த நோயாளியைப் பார்த்தாலும் செண்பகத்தின் கண் முகத்துக்குப் போகுமுன் தொண்டைக்குத்தான் போகும். பக்கவாத வார்டில் ஆயாவாகச் சேர்ந்து, பயிற்சி எடுத்து, பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். 1976இல் ஆழ்வார்பேட்டையில் மாணிக்கவாசகத்தைப் பார்த்துக்கொள்ள வந்தாள். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது.

"சாப்பாடு இன்னொரு தடவை மூச்சுக்குழாய்க்குள்ள போனா நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். பெரியவரோ கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஒருநாள் மகள் பங்கஜம், அவர் அமெரிக்காவில் வாங்கிய, ‘கன்ட்ரி’ என்கிற அந்த ஊர்க் கிராமியப் பாட்டு இசைத்தட்டு ஒன்றைப் போட்டாள். கிடாரோடு ஒரு கரகரத்த குரல். பாட்டு முடிந்ததும் பெரியவர் வாயைத் திறந்தார்.

"தட்டு மேல இருக்கற ஊசியைத் தூக்கும்மா!" என்று செண்பகம் ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே விட்டாள். தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னாம்மா பாடறான்?"

"ஒவ்வொரு பாட்டும் ஒரு ஆளோட கதை, அக்கா. இவன் ஜெயில்ல இருக்கான். அடுத்தது லாரி ஓட்டுறவன் பொண்டாட்டி. மூணு நிமிஷத்துல கதை முடிஞ்சிடும்."

"நல்லதாப் போச்சு. கதைக்கு ஒரு கரண்டி."

அப்படியே சில வாரம் ஓடியது. ஒரு மத்தியானம் செண்பகம் வெந்நீர் வைக்கப் போன நேரத்தில், அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது என்று பங்கஜம் வேறொரு தட்டைப் போட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தாள். அந்தத் தட்டு முழுக்க ஒரே கதை. வெள்ளத்தில் தொலைந்த தம்பியை அண்ணன் ஊர் ஊராகத் தேடுகிறான். ஒரு பாட்டு ஓயுமுன்பே அடுத்தது தொடங்கிவிடும். பெரியவர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பசி என்று நினைத்து மகள் ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

செண்பகம் உள்ளே வந்தபோது பெரியவரின் தொண்டை அசையவேயில்லை. வலது கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

"குடுக்காதே!"

அதற்குள் இருமல் வெடித்தது. முகம் கறுத்தது. செண்பகம் அவரை முன்னால் சாய்த்து, முதுகில் தட்டி, கன்னத்துக் கஞ்சியை விரலால் வழித்தெடுத்தாள். மூச்சு திரும்பியது, கூடவே நெஞ்சில் லேசான கொரகொரப்பு.

சாயங்காலமே உடம்பு சுட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டார். "ராத்திரி மூச்சு வாங்கினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார். செண்பகம் பெரியவர் முதுகில் காதை வைத்து வைத்துக் கேட்டாள். கொரகொரப்பு கூடுகிறதா குறைகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"இந்தத் தட்டை உடைச்சுப் போடறேன், அக்கா" என்று அழுதாள் பங்கஜம்.

"ஒடைச்சிட்டு? மறுபடி வாயை மூடிக்கினார்னா நீ இன்னா பண்ணுவே? அந்த மொதல் தட்டுக்காரன் கதையை முடிச்சி, ஆளை வுட்டுடறான். இவன் வுடவே மாட்டேங்கறான். நடுவுல எப்படிம்மா முழுங்குவாரு?"

மறுநாள் முழுக்க சூடு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. அதற்கடுத்த நாள் இறங்கியது, இறங்கியபடியே நின்றது. அடுத்த நாள் காலையில் முதல் தட்டைப் போட்டுப் பாதிக் கிண்ணம் கஞ்சி கொடுத்தார்கள். வாயைத் துடைத்ததும் பெரியவர் இடது கையை நீட்டி, தம்பியைத் தேடும் கதையிருந்த அந்தத் தட்டைக் காட்டினார்.

பங்கஜம் பயந்துபோய்ச் செண்பகத்தைப் பார்த்தாள்.

செண்பகம் விரலில் துணியைச் சுற்றி, அவர் வலது கன்னத்தின் உட்புறத்தை முழுக்கத் துழாவினாள். கஞ்சி மிச்சம் ஒன்றுமில்லை.

"இப்போ போடு" என்றாள்.